ஈஸ்ட் கற்ற எதிர்ப்பு, ஈஸ்ட் கொண்டுவந்த எதிர்ப்பு

ரத்தத்தில் பாக்டீரியா ஏறிவிட்டால், மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க மருத்துவர் கையில் பல மருந்துக் குடும்பங்கள் உண்டு. ஏறியது ஈஸ்ட் என்றால் மூன்றுதான்: ஃப்ளூகோனசோல் முதலான அசோல்கள், ஆம்போடெரிசின் பி, கேஸ்போஃபங்கின் முதலான எக்கினோகேண்டின்கள். நான்காவதாக ஃப்ளூசைட்டோசின் என்று ஒன்று இருக்கிறது. புற்றுநோய்க்கென்று 1957இல் தயாரித்து, அதற்கு உதவாமல் போய், பிறகு பூஞ்சைக்கு உதவிய மருந்து அது. தனியாகக் கொடுத்தால் சீக்கிரமே எதிர்ப்பு முளைத்துவிடும் என்பதால் இன்றுவரை துணை மருந்தாகவே காலம் தள்ளுகிறது.

மருந்துகள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஆய்வாளர்களின் சோம்பல் காரணமல்ல. உயிரின வரிசையில் பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்யும் முறை எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. அதைக் கொல்லும் விஷங்களில் பெரும்பாலானவை நோயாளியையும் பதம் பார்க்கும். கைக்கு எட்டிய வேறுபாடுகள் சிலவே. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால். நமக்கு இல்லாத செல்சுவர் அதற்கு உண்டு. அந்தச் சுவரின் முக்கியச் சரக்கு குளூக்கான். அசோல், எர்கோஸ்டிரால் தயாரிப்பைத் தடுக்கிறது. ஆம்போடெரிசின், தயாரான எர்கோஸ்டிராலைச் சவ்விலிருந்து உருவி எடுக்கிறது. எக்கினோகேண்டின், குளூக்கானை நெய்யும் நொதியை நிறுத்துகிறது. இவற்றில் ஒன்று கைவிட்டுப் போனால் மாற்று தேடுவது எளிதல்ல.

ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் கேண்டிடா ஈஸ்ட் நம்மில் பலரோடு சும்மா குடியிருக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் காவல் குலையும்போதுதான் சிக்கல். எந்தக் காவல் குலைகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகமும் மாறுகிறது. எச்ஐவியில் குறைவது டி செல்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் சளிச்சவ்வைக் காப்பது பெரும்பாலும் அவைதான். அதனால் எய்ட்ஸ் நோயாளிக்கு நாக்கெல்லாம் வெள்ளை படரும், விழுங்க முடியாமல் வலிக்கும். ஆனால் ரத்தத்தில் கேண்டிடா ஏறுவது அபூர்வம். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவருக்கு நடப்பது வேறு. அவரிடம் இல்லாமல் போவது நியூட்ரோஃபில்கள், ரத்தத்துக்கும் உள்ளுறுப்புகளுக்கும் காவல் நிற்கும் வெள்ளையணுக்கள். கூடவே கீமோ குடல் சவ்வைப் புண்ணாக்குகிறது. ஆன்ட்டிபயாட்டிக் குடல் பாக்டீரியாவைத் துடைத்தெறிந்து ஈஸ்ட்டுக்கு இடம் விடுகிறது. கழுத்து ரத்தக்குழாயில் செருகிய சென்ட்ரல் லைன் அதற்கு இன்னொரு வாசலைத் திறக்கிறது. மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரு நோயாளிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எதிர்ப்பு வந்த வழியே இரண்டு பேரிடமும் வேறு.

முதல் வழி எய்ட்ஸ் வார்டில் தெரிந்தது. ஃப்ளூகோனசோல் 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையாக விழுங்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்காது, மூளை வரை போய்ச் சேரும். அதுவரை ஆம்போடெரிசின் ஏற்றும்போதெல்லாம் குளிரில் நடுங்கிக் காய்ச்சலில் கொதித்த நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எச்ஐவிக்குச் சரியான கூட்டு மருந்து வராத காலம் அது. டி செல்கள் திரும்பாததால் வாய்க் கேண்டிடா மறுபடி மறுபடி வந்தது; மாத்திரையும் மறுபடி மறுபடி போனது. அப்படி ஒரே எச்ஐவி நோயாளியின் வாயிலிருந்து இரண்டு ஆண்டுகளில் எடுத்த 17 கேண்டிடா ஆல்பிகன்ஸ் மாதிரிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1990களில் அவற்றை வரிசையாக வைத்து ஆராய்ந்தபோது, எதிர்ப்பு படிப்படியாக ஏறிய கதை முழுவதும் கிடைத்தது. முதலில், மருந்தை வெளியே தள்ளும் ஒரு பம்ப்பின் உற்பத்தி கூடியது. பிறகு, அசோல் போய் ஒட்ட வேண்டிய நொதியின் மரபணுவில், இஆர்ஜி11 என்பதில், ஒரு மாற்றம். கடைசியில் வேறொரு பம்ப்புக் குடும்பமும் சேர்ந்துகொண்டது. படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதும், ஓட்டையை அடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரி. இடையில் வெளியிலிருந்து புதிய கிருமி வந்து சேரவில்லை. அந்த மனிதரின் வாயிலேயே, அவருக்குக் கொடுத்த மருந்தின் கீழேயே, ஒரே கிருமியின் வழிவந்தவை பாடம் படித்துத் தேறின.

இதை உள்ளே முளைத்த எதிர்ப்பு எனலாம். நீண்ட காலம், அரைகுறை அளவு, அடக்க ஆளில்லாத உடல் மூன்றும் சேர்ந்தால் இது முளைக்கும். 1996க்குப் பிறகு எச்ஐவிக்குக் கூட்டு மருந்து வந்து டி செல்கள் மீண்டதும், ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத வாய்க் கேண்டிடா வேகமாகக் குறைந்தது. புதிய பூஞ்சை மருந்து எதுவும் இதைச் சாதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதித்தது நோயாளியின் சொந்தக் காவல்.

ஆல்பிகன்ஸுக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருப்பதால் எதிர்ப்பு முற்றக் காலம் பிடிக்கிறது. கேண்டிடா கிளாப்ராட்டாவுக்கு ஒரே பிரதி. மாற்றம் விழுந்தவுடன் பலன் தெரிந்துவிடும். எக்கினோகேண்டின் தாக்கும் நொதிக்கான எஃப்கேஎஸ் மரபணுக்களில் ஒன்றிரண்டு குறிப்பிட்ட இடங்களில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து வழுக்கிவிடுகிறது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி இருந்தால், மருந்து அங்கே முழு அளவில் போய்ச் சேராததால் இந்த மாற்றங்களுக்கு நல்ல நாற்றங்கால் கிடைக்கிறது. நான்கைந்து வாரம் எக்கினோகேண்டின் ஏற்றியும் காய்ச்சல் விடாத நோயாளிக்கு, மருந்தை மாற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துக் கட்டியைத் தேடுவது இதனால்தான்.

இரண்டாவது வழிக்கு வருவதற்கு முன் இடையில் ஒரு நிலை உண்டு. 1991இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு எச்சரிக்கை விடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குத் தடுப்பாக ஃப்ளூகோனசோல் கொடுத்ததும் ஆல்பிகன்ஸ் குறைந்தது; அந்த இடத்தில் கேண்டிடா க்ரூசி வந்து உட்கார்ந்தது. க்ரூசி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பிறவியிலேயே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத இனம் அது. அடுத்த ஆண்டே வேறொரு பெரிய சோதனை, தடுப்பு ஃப்ளூகோனசோல் மஜ்ஜை மாற்று நோயாளிகளைப் பூஞ்சைத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதாகவும் காட்டியது. இரண்டுமே உண்மை. தடுப்பு மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது. அதே நேரத்தில் வார்டில் எந்த இனம் நிலைக்கும் என்பதையும் தேர்ந்தெடுக்கிறது. இந்த இரட்டைத் தன்மையை ஏற்றுக்கொள்ளாத விவாதங்கள், ஒன்று எல்லாருக்கும் கொடு என்கின்றன, அல்லது யாருக்கும் கொடுக்காதே என்கின்றன. நியூட்ரோஃபில் வாரக்கணக்கில் அடிமட்டத்தில் கிடக்கும் ரத்தப் புற்றுநோயாளிக்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஐசியூவில் காய்ச்சல் விடவில்லை என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் ஃப்ளூகோனசோல் ஏற்றுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எந்த இனம் முந்துகிறது என்பதில் இந்தியாவின் படம் மேற்கத்திய நாடுகளின் படமல்ல. சண்டிகரின் அருணலோக் சக்கரவர்த்தியும் உடனுழைத்தவர்களும் நாடு முழுவதும் 27 ஐசியூக்களில் ரத்தத்தில் கேண்டிடா ஏறிய 1,400 பேரைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். ஐசியூவில் சேர்ந்த ஆயிரம் பேருக்கு 6.51 பேர். முதலிடம் கேண்டிடா ட்ராப்பிக்காலிஸுக்கு, 41.6 விழுக்காடு, பாடப்புத்தகத்தின் நாயகனான ஆல்பிகன்ஸுக்கு 20.9. முப்பது நாளில் இறந்தவர்கள் 44.7 விழுக்காடு. நோய் தொற்றியது சராசரியாக எட்டாவது நாள் வாக்கில், அதாவது பெரும்பாலும் மருத்துவமனைக்குள் வந்த பிறகு. அந்தத் தொகுப்பின் ஓரத்தில் 5.3 விழுக்காட்டில் ஒரு புதுப்பெயர் இருந்தது: கேண்டிடா ஆரிஸ். எண்ணிக்கை சிறிது, ஆனால் 27 ஐசியூக்களில் 19இல் அது இருந்தது.

ஆரிஸ் 2009இல் ஜப்பானில், டோக்கியோ மருத்துவமனை ஒன்றில், ஒரு மூதாட்டியின் காதுக் கசிவிலிருந்து முதன்முதலாக இனங்காணப்பட்டது. டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 2009க்கும் 2011க்கும் இடையில் 12 பேரிடம் அது கிடைத்ததை அனுராதா சௌத்ரியின் குழு 2013இல் எழுதியது. வழக்கமான இனங்காணும் இயந்திரம் அதை வேறொரு கேண்டிடா என்று பெயர் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்ததால், அது எவ்வளவு காலம் வேறு பெயரில் உலவியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு, பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா நாடுகளின் 54 நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஃப்ளூகோனசோலுக்கு 93 விழுக்காடு அடங்கவில்லை, ஆம்போடெரிசினுக்கு 35, எக்கினோகேண்டினுக்கு 7. இதைவிட வியப்பு மரபணுவில் இருந்தது. ஒவ்வொரு பகுதியின் கிருமியும் மற்றப் பகுதியின் கிருமியிலிருந்து பல்லாயிரம் எழுத்துகள் வேறுபட்டது. ஆனால் ஒரே பகுதிக்குள் நோயாளிக்கு நோயாளி வேறுபாடு மிகச் சொற்பம். வெவ்வேறு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியாகத் தலையெடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஆளிலிருந்து ஆளுக்குத் தாவியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆளிலிருந்து ஆளுக்கு என்பதுதான் புதிது; இரண்டாவது வழி இதுதான். கேண்டிடா நோயாளியின் சொந்தக் குடலிலிருந்து வருவது என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரிஸ் தோலில் குடியேறுகிறது, அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாதக்கணக்கில் தங்குகிறது, கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் உயிரோடு கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையின் நரம்பியல் ஐசியூவில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் அது பரவியது. சுவர், தரை, காற்று என்று தேடினார்கள். அங்கெல்லாம் அபூர்வமாகவே அகப்பட்டது. நோயாளிக்கு நோயாளி மாறி மாறி அக்குளில் வைத்த வெப்பமானி முனைகளில் அகப்பட்டது. வழக்கமான கட்டுப்பாடுகளையெல்லாம் செய்தும் அடங்காத பரவல், அந்த முனைகளை வார்டிலிருந்து அகற்றிய பிறகே இறங்கியது. கேண்டிடா பற்றிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் ஒன்றை மட்டும் நர்சிங் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

இதையடுத்து நடந்ததுதான் உண்மையில் பயமுறுத்துவது. 2021இன் முதல் மாதங்களில் வாஷிங்டன் நகரில் ஆரிஸ் கண்ட 101 பேரில் மூவரிடம் மூன்று மருந்துக் குடும்பங்களுக்கும் அடங்காத கிருமி. டெக்சஸில் 22 பேரில் இருவரிடம் அதே நிலை. இன்னும் ஐவரிடம் ஃப்ளூகோனசோலுக்கும் எக்கினோகேண்டினுக்கும் சேர்ந்த எதிர்ப்பு. இந்த நோயாளிகள் அதற்கு முன் எக்கினோகேண்டின் எடுத்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் உடலில் முளைத்த எதிர்ப்பு, கையிலும் கருவியிலும் ஏறி, அந்த மருந்தையே பார்க்காத உடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத கேண்டிடா பாராப்சிலோசிஸும் இதே வேலையைச் செய்கிறது. அதே இஆர்ஜி11 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் சுமந்த கிளைகள் தென்னாப்பிரிக்கா, பிரேசில், ஸ்பெயின், துருக்கி, இந்தியா என்று மருத்துவமனைக்குள் மருத்துவமனையாகப் பரவியிருக்கின்றன. அதன் விருப்பமான வாகனம் ஊழியர்களின் கை.

ஆக, எதிர்ப்பின் எடை முதல் வழியிலிருந்து இரண்டாம் வழிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது என் வாசிப்பு. பேச்சும் பணமும் இன்னும் முதல் வழியிலேயே நிற்கின்றன: புதிய மருந்து எப்போது வரும், எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியது.

இங்கே ஆய்வகத்தின் பக்கம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரத்தக் கல்ச்சர் புட்டி அலாரம் அடிக்கிறது. ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மொட்டு விட்ட உருண்டைகள். "ஈஸ்ட் வந்திருக்கு" என்று வார்டுக்குப் போன் போகிறது. எந்த ஈஸ்ட்? நிறம் காட்டும் தட்டில் போட்டால் ஆல்பிகன்ஸ் பச்சையாகவும் ட்ராப்பிக்காலிஸ் நீலமாகவும் க்ரூசி சொரசொரத்த இளஞ்சிவப்பாகவும் வளரும். ஒன்றிரண்டு நாள் ஆகும். மால்டி-டாஃப் கருவி இருந்தால் கல்ச்சர் வளர்ந்த சில நிமிடங்களில் பெயர் கிடைக்கும். அதற்கும் பிறகு, 96 குழித் தட்டில் மருந்தை இரட்டிப்பு இரட்டிப்பாக ஊற்றி, வளர்ச்சி எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க இன்னொரு நாள். அந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் எம்ஐசி என்கிறார்கள். இவ்வளவும் புட்டியில் ஈஸ்ட் வளர்ந்தால்தான். உள்ளுறுப்புகளைப் பிடித்த கேண்டிடாவில் ஏறத்தாழ பாதியை ரத்தக் கல்ச்சர் தவறவிடுகிறது.

எம்ஐசி எண் வந்தாலும் அது தீர்ப்பல்ல. இத்துறையில் 90–60 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகம் சொன்ன தொற்றில் 90 விழுக்காடு குணமாகும். அடங்காது என்று சொன்னதிலும் 60 விழுக்காடு குணமாகும். அந்த 60ஐக் காப்பாற்றுவது நோயாளியின் வெள்ளையணுக்களும், சரியான நேரத்தில் பிடுங்கிய சென்ட்ரல் லைனும். குழாயின் உட்சுவரில் படலம் கட்டி உட்கார்ந்த ஈஸ்ட்டை மருந்து எட்டுவதில்லை. தட்டில் அடங்கும் கிருமியே அங்கே அடங்குவதில்லை. நோயெதிர்ப்பு குன்றியவரிடம் இந்தக் கணக்கு தடம் மாறுகிறது. எதிர்ப்புக் கிருமியையும் சமாளிக்கும் அந்தச் சொந்தக் காவல் அவரிடம் இல்லை. மறுபக்கத்திலும் அடி விழுகிறது. 2024இல் நியூயார்க் ஆய்வாளர்கள், தடுப்பாக மைக்காஃபங்கின் என்ற எக்கினோகேண்டினை எடுத்துக்கொண்டிருந்தபோதே பாராப்சிலோசிஸ் ரத்தத்தில் ஏறிய மஜ்ஜை மாற்று நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வழக்கமான சோதனை அந்தக் கிருமிகளை அடங்குபவை என்றே சொன்னது. கூர்ந்து பார்த்தால், கூட்டத்துக்குள் ஒரு சிறுபான்மை மட்டும் மருந்துக்கு அடங்காமல் ஒளிந்திருந்தது. நல்ல காவல் உள்ள உடலில் அந்தச் சிறுபான்மை பொருட்டே அல்ல. நியூட்ரோஃபில் இல்லாத உடலில் அதுவே பெரும்பான்மையாகிறது.

எதிர்ப்பு முதலில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வயலையும் வானிலையையும் கைகாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் இழைப் பூஞ்சையில், பயிருக்கு அடிக்கும் அசோல்கள் மருத்துவமனை அசோல்களையும் செல்லாக்காசாக்கியதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஈஸ்ட்டில் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. வட இந்தியாவில் தோட்டத்தில் பறித்த ஆப்பிளில் காணாத ஆரிஸ், சேமித்து வைத்த ஆப்பிளின் தோலில் கிடைத்தது கவனிக்கத்தக்கது. ஆனால் அது ஐசியூவுக்கு எப்படி வந்தது என்பதை ஆப்பிள் சொல்லவில்லை. பூமி சூடாவதால் மனித உடற்சூட்டைத் தாங்கப் பழகிய பூஞ்சை ஆரிஸ் என்ற கருத்தை ஆர்டுரோ காஸடெவாலும் சகாக்களும் 2019இல் முன்வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் ஆரிஸ் கிடைத்தது. அதில் ஒன்று மருந்துகளுக்கு அடங்கியது, அதிகச் சூட்டில் மெதுவாகவே வளர்ந்தது. சுவையான துப்பு. ஆனால் வார்டில் இன்று படுத்திருப்பவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கிரிப்டோகாக்கஸ் பற்றி ஒரு சொல். எச்ஐவி நோயாளிகளுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் தரும் இந்த ஈஸ்ட்டுக்கு, வசதியில்லாத நாடுகளில் நெடுங்காலம் ஃப்ளூகோனசோல் மட்டுமே கொடுத்தார்கள். மருந்தின் கீழேயே அடங்காத சிறுபான்மை பெருகியது; ஃப்ளூசைட்டோசினைச் சேர்த்தபோது அது அடங்கியது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வு, லிப்போசோமல் ஆம்போடெரிசினை ஒரே ஒரு பெரிய தவணையாக ஏற்றி, 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் கொடுத்தால் போதும் என்று காட்டியது. 1957இன் தோற்றுப்போன புற்றுநோய் மருந்து இங்கே உயிர் காக்கிறது. அது கிடைக்காத நாடுகள் இன்னும் இருக்கின்றன என்பது அறிவியலின் குறை அல்ல.

புதிய மருந்துகள் வராமல் இல்லை. 2021இல் இப்ரெக்ஸாஃபங்கெர்ப், 2023இல் வாரம் ஒரு முறை ஏற்றினால் போதும் என்ற ரெஸாஃபங்கின். இரண்டும் எக்கினோகேண்டின் தாக்கும் அதே நொதியைத்தான் தாக்குகின்றன. பிடிக்கும் இடம் முதலாவதற்குக் கொஞ்சம் வேறு. முற்றிலும் வேறு இலக்கு கொண்ட ஃபாஸ்மனோஜெபிக்ஸ் இறுதிக்கட்டச் சோதனைகளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலின் உச்சப் பிரிவில் நான்கு பெயர்கள். அவற்றில் மூன்று ஈஸ்ட்கள்: கிரிப்டோகாக்கஸ், ஆரிஸ், ஆல்பிகன்ஸ். பட்டியல் வந்ததும் ஆய்வுப் பணம் கூடும், நல்லதுதான். ஆனால் குவாட்டர்னரி அமோனியம் கலந்த திரவத்தால் தரையைத் துடைத்தால் ஆரிஸ் எளிதில் சாகாது, குளோரின் வேண்டும் என்ற செய்தி ஒவ்வொரு ஐசியூவின் துப்புரவுப் பணியாளருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எந்தப் பட்டியலும் வேண்டாம்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொடுக்கும் சுருக்கத்தில் கொலஸ்ட்ரால் அளவுவரை எழுதுகிறார்கள். நோயாளியின் தோலில் ஆரிஸ் இருப்பதை எழுதுவது அரிது. எழுதினால் அடுத்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளத் தயங்கும். எழுதிய மருத்துவமனைக்கும் கெட்ட பெயர். இரண்டு பயமும் நியாயமானவை. கெட்ட பெயருக்கு அஞ்சாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் தங்கள் வார்டின் கதையை அச்சிட்டதால்தான் அக்குள் வெப்பமானி பற்றி மற்றவர்களுக்குத் தெரிய வந்தது. கிருமி இருக்கிறது என்று எழுதிய காரணத்துக்காக எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதியும், எழுதாமல் அனுப்பினால் கேள்வி உண்டு என்ற விதியும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் மற்றது நடக்காது.